பனை மரமா, புல்லா?



நம் ஊரின் பெயரை எழுதத் தொடங்கினால் முதலில் வந்து நிற்பது பனை. கடிதத்தின் மேல் எழுதுகிறோம். பஸ்ஸின் பலகையில் வாசிக்கிறோம். ஆயினும் பனமரத்துப்பட்டி என்னும்போது பனையை நினைப்பவர் சிலரே. ஞானோபதேச வகுப்புப் பிள்ளைகளிடம், "பனையிலிருந்து நமக்குக் கிடைப்பவை யாவை?" என்று கேட்டால், நுங்கு, பதநீர், கிழங்கு, ஓலை, விசிறி என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். "அது எப்படி வளர்கிறது?" என்று கேட்டால், "எல்லா மரமும் போலத்தான், சாமி" என்பார்கள். எல்லா மரமும் போல அது வளர்வதில்லை என்பதே இவ்வாரப் பாடம். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிற பெரியோரும், பனை நிற்கும் காடு தோட்டம் உடையோரும் இதைச் சற்றுக் கவனிக்க வேண்டும்.

வேப்பந்துண்டு ஒன்றையும் பனந்துண்டு ஒன்றையும் அருகருகே வைத்து, அறுபட்ட முகத்தைப் பாருங்கள். வேம்பின் நடுவில் சிவந்து இறுகிய வைரம். அதைச் சுற்றி வெளிறிய பாகம். அதற்கும் வெளியே பட்டை. பனையிலோ எல்லாம் தலைகீழ். நடுவில் சோறு போல மெத்தென்ற பாகம். ஓரத்தை நெருங்க நெருங்கக் கறுத்த நார்கள் ஊசிகளைச் சேர்த்துக் கட்டியது போல நெருங்கி, ஆணியும் எளிதில் இறங்காத கடினமாகின்றன. தச்சர்கள் சட்டத்துக்கும் கைமரத்துக்கும் அந்த ஓரத்தை எடுத்துக்கொண்டு நடுப்பாகத்தைக் கழித்துவிடுவது இதனால்தான்.

இந்த வேறுபாட்டை நம் முன்னோர் கூர்ந்து பார்த்திருந்தார்கள். தொல்காப்பியத்தின் மரபியல், உள்ளே வைரம் உடையவற்றை மரம் என்றும், வெளியே வைரம் உடையவற்றைப் புல் என்றும் பிரிக்கிறது. அகக்காழ், புறக்காழ் என்பன அது வழங்கும் பெயர்கள். அந்தக் கணக்கில் வேம்பும் புளியும் மரம். பனையும் தென்னையும் மூங்கிலும் புல். இக்காலத் தாவர சாஸ்திரமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. முளைக்கும்போது ஒரே விதையிலை விடுகிற கூட்டத்தில் நெல், சோளம், கரும்பு, மூங்கில் ஆகிய புல்லினங்களும் பனைக் குடும்பமும் சேர்ந்து நிற்கின்றன. ஆகவே எழுபது எண்பது அடி உயர்ந்து நிற்கும் பனை, வேம்பைவிட நம் வயல் நெல்லுக்கே நெருங்கிய உறவு. மரம் என்று சொல்லிப் பழகிவிட்டோம்; நானும் இக்கட்டுரையில் மரம் என்றே சொல்லப் போகிறேன்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பனையின் வாழ்வும் சாவும் இதில்தான் இருக்கின்றன. வேம்பு, புளி முதலிய மரங்களில் பட்டைக்கு உட்புறம் மெல்லிய உயிர்ப்படலம் ஒன்று தண்டைச் சுற்றிலும் இருக்கிறது. அது உட்பக்கம் புதுக் கட்டையையும் வெளிப்பக்கம் புதுப் பட்டையையும் உண்டாக்கிக்கொண்டே இருப்பதால் மரம் ஆண்டுக்காண்டு பருக்கிறது. காயம் பட்டால் சதை வைத்து மூடுகிறது. கிளையை வெட்டினால் பக்கத்தில் துளிர்க்கிறது. பனைக்கு அந்தப் படலம் இல்லை. அது முதலில் மண்ணுக்குள்ளேயே பல ஆண்டுகள் செலவிட்டு, அடித்தண்டின் அகலத்தைப் பூரணமாக அமைத்துக்கொள்கிறது. ஓலைகள் மட்டும் வெளியே தெரியும் அந்த நிலையைத்தான் வடலி என்கிறோம். "இத்தனை வருஷமாக இந்த வடலி வளரவே இல்லையே" என்று சலித்துக்கொள்பவர்கள், அது கீழே அஸ்திவாரம் போடுவதை அறியாதவர்கள். அகலம் அமைந்த பிறகே அது மேல் நோக்கிப் புறப்படும். புறப்பட்ட பின் வேம்பு போல வளையம் வளையமாகப் பருப்பதில்லை. எனவே, வெட்டிய பனையில் வளையம் எண்ணி வயது சொல்லவும் முடியாது. உடம்பில் தெரியும் வடுக்கள், உதிர்ந்த மட்டைகளின் தழும்புகள் மட்டுமே.

மேல் நோக்கிப் புறப்பட்ட பனை வளர்வதெல்லாம் ஒரே ஓர் இடத்திலிருந்து. உச்சியில், குருத்தோலைகளுக்கு அடியில், மட்டைகள் பொதிந்து காக்கும் ஒரு மொட்டு இருக்கிறது. ஓலை, பாளை, தண்டின் ஒவ்வொரு விரற்கடையும் அங்கேதான் பிறக்கின்றன. மொட்டு ஒன்றே ஒன்று. மாற்று மொட்டு கிடையாது. இடி விழுந்து அது கருகினால் பனை சில மாதங்களில் மொட்டைத் தூணாகிவிடும். நம் ஏரியில் மண்டிய சீமைக்கருவேலத்தை எண்ணிப் பாருங்கள். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அச்செடியை அடியோடு வெட்டினாலும், அடுத்த மழைக்குப் பத்துக் கிளைகளாக எழுந்து நிற்கும். பனையின் தலையை ஒருமுறை வெட்டினால் வெட்டியதுதான். நமக்கு வேண்டாதது சாக மறுக்கிறது. வேண்டியதற்கு மறுபிறப்பு இல்லை. விவசாயிகளின் வேதனை இது.

இந்த மொட்டைத் தேடி வரும் பகைவனும் உண்டு. தலையில் கொம்புடைய காண்டாமிருக வண்டு, விரியாத குருத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். அப்போது ஓலை விசிறி போல மடிந்து இருக்கிறது அல்லவா? ஒரு துளை பல மடிப்புகளையும் ஊடுருவும். பின்னர் ஓலை விரிந்ததும், கத்தரிக்கோலால் வரிசையாக வெட்டியது போன்ற அடையாளங்கள் தெரியும். காகிதத்தை மடித்து ஓர் இடத்தில் கத்தரித்து விரித்தால் பூ வேலைப்பாடு வருவது போலத்தான்; பிள்ளைகள் செய்து பார்க்கலாம். அந்த வண்டு முட்டையிட்டுப் புழுவாக வளர்வது எருக்குழிகளிலும் மக்கிய பனை, தென்னந்தண்டுகளிலும். எனவே எருக்குழியைக் கிளறும்போது தென்படும் பருத்த வெள்ளைப் புழுக்களைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுவது, பனைக்கும் தென்னைக்கும் செய்கிற நன்மை.

மொட்டைப் பற்றிப் பேசும்போதே குருத்தோலை ஞாயிற்றைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நம் பக்கத்துக் கோயில்களுக்குத் தென்னங்குருத்தும் வருகிறது, பனங்குருத்தும் வருகிறது. ஒரு குருத்தை இழுத்தால் மரம் சாகாது. அடுத்த குருத்து எழும். ஆனால் ஒரே வடலியில் ஆண்டுதோறும் இரண்டு மூன்று குருத்துகளை உருவுவதும், ஆழமாக வெட்டி அடியிலிருக்கும் மொட்டையே கெடுப்பதும் வேறு. விரிந்த பனையோலை ஒன்றில் அறுபதுக்கும் மேற்பட்ட பிரிவுகள் இருக்கும். ஈர்க்கு வழியே பிரித்தால், ஒரே குருத்து ஒரு தெருவில் உள்ள அத்தனை பேருக்கும் போதும். கைநிறைய வைத்துக்கொள்வதால் பவனிக்குச் சிறப்பு கூடுவதில்லை. மீந்தவை அடுத்த விபூதிப் புதனுக்குச் சாம்பலாகின்றன. வாசலில் மிதிபட்டுக் கிடப்பவை எதற்கும் ஆவதில்லை.

இனி அதிசயத்திலும் அதிசயம் ஒன்று. புதுப்பிக்கும் படலம் இல்லாததால், பனை தன் பழைய உடம்பைக் கொண்டே காலம் தள்ள வேண்டியிருக்கிறது. வேம்பில் சர்க்கரைச் சாற்றைக் கொண்டு செல்லும் குழாய்கள் விரைவில் பழுதாகி, அவற்றுக்குப் பதில் புதியவை தோன்றும். பனையின் அடித்தண்டிலோ, நம் பாட்டனார் காலத்தில் உண்டான குழாய்களே இன்றும் சாற்றைக் கொண்டு செல்கின்றன. நம் இரத்தத்தின் சிவப்பணுவுக்கு ஆயுள் ஏறக்குறைய 120 நாள். சிவப்பணு அத்தனை சீக்கிரம் அழிவதற்கு ஒரு காரணம், அதன் நடுவில் இருக்க வேண்டிய உட்கரு இல்லாமையால் பழுது பார்த்துக்கொள்ள இயலாமை. பனையின் சாற்றுக் குழாய் அணுக்களுக்கும் உட்கரு இல்லை! ஆயினும் அருகில் ஒட்டியிருக்கும் துணை அணுக்களின் பராமரிப்பில், அவை மரம் இருக்குமளவும், நூறாண்டானாலும், உயிரோடு வேலை செய்கின்றன. பனைக் குடும்பத்தையே வாழ்நாள் ஆய்வாகக் கொண்ட ஹார்வர்டு பல்கலைக்கழகத்துத் தாவர அறிஞர் பி. பாரி டாம்லின்சன், இந்த நீண்ட ஆயுளை விளக்கி 2006-லும், இன்னோர் ஆய்வாளருடன் சேர்ந்து 2012-லும் கட்டுரைகள் எழுதினார். தண்டில் இவ்வளவு நெடுங்காலம் வேலை செய்யும் அணுக்களை வேறு மரங்களில் காண்பது அரிது. அதன் சூட்சுமம் இன்றும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது.

அந்தக் குழாய்களில் ஓடும் சாறே பதநீர். பாளையை வெட்டியவுடன் கொட்டும் என்று நினைப்பவர் உண்டு. அப்படியில்லை. காயம் பட்ட குழாயைச் செடி அடைத்துக்கொள்ளும். இல்லையேல் ஒவ்வொரு கீறலிலும் உணவு ஒழுகிப்போய்விடும். பனையேறுபவர் பாளையை இடுக்கிக் கட்டையால் மெல்ல நசுக்கி, சேர்த்துக் கட்டி, நுனியை நாள்தோறும் மெல்லியதாகச் சீவி, பல நாள் பழக்கிய பிறகே சொட்டு விழத் தொடங்கும். பின்னும் தினமும் சீவ வேண்டும். இரண்டு நாள் விட்டால் நின்றுவிடும். எழுதப் படிக்கத் தெரியாத முன்னோர் இந்தச் சாமர்த்தியத்தை எப்படிக் கண்டறிந்தார்கள் என்பதே ஒரு வியப்பு. ஒரு பனையில் ஏறி இறங்குவதே நமக்கு ஆகாத காரியம்; அவர்களோ காலையிலும் மாலையிலும் பல மரம் ஏறுகிறார்கள். பதநீர் வாங்கும்போது ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசுபவர்கள் ஒருமுறை அண்ணாந்து மரத்தின் உச்சியைப் பார்த்துவிட்டுப் பேசுவது நலம்.

சொட்டிய சாற்றில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் சர்க்கரை உண்டு. காற்றிலும் கலயத்திலும் கண்ணுக்குத் தெரியாத ஈஸ்ட் முதலிய நுண்ணுயிர்கள் காத்திருக்கின்றன. சில மணி நேரத்தில் அவை சர்க்கரையைச் சாராயமும் கரியமில வாயுவுமாக மாற்றிவிடும். நுரை பொங்குவது அந்த வாயுவினால். கள் என்பது அதுவே. புளிப்பதும் நொதிப்பதும் உயிருள்ளவை செய்யும் வேலை என்று 1857 முதல் சோதனைகளால் நிலைநாட்டியவர் பிரான்சு தேசத்து லூயி பாஸ்டர். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் சாறு இனிப்பாகவே இருக்கும் என்பதைப் பனையேறிகள் அனுபவத்தால் கண்டிருந்தார்கள். சுண்ணாம்பின் காரத்தில் அந்த நுண்ணுயிர்கள் பெருக முடியாது என்பதே அதன் விளக்கம். ஒரே மரம், ஒரே பாளை. ஒரு விரல் சுண்ணாம்பு இருந்தால் பிள்ளைகளுக்குப் பதநீர், இல்லாவிட்டால் கள்.

இந்த ஒரு விரல் சுண்ணாம்புக்கு நம் ஜில்லாவின் சரித்திரத்திலும் இடமுண்டு. 1937 அக்டோபர் 1-ஆம் நாள், சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த ராஜாஜி (முதலமைச்சரை அக்காலத்தில் அவ்வாறே அழைத்தார்கள்) மதுவிலக்கை முதன்முதலாக நடைமுறைப்படுத்தியது சேலம் ஜில்லாவில்தான். இன்றைய நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களும் அப்போது அதனுள் அடங்கியிருந்தன. கள் இறக்கிப் பிழைத்தவர்களுக்குப் பதநீர் இறக்குவதும் பனைவெல்லம் காய்ச்சுவதும் மாற்றுத் தொழிலாகக் காட்டப்பட்டன. எட்டுப் பத்து லிட்டர் பதநீரைக் காய்ச்சினால்தான் ஒரு கிலோ வெல்லம் கிடைக்கும். விறகும் வெயிலும் அடுப்பும் பெண்களின் உழைப்பும் சேர்ந்த வெல்லம் அது. மிக மலிவாக விற்கும் கருப்பட்டியைச் சற்றுச் சந்தேகத்தோடு பார்ப்பதில் தவறில்லை.

நிற்க. பனை பிறக்கும் விதமும் விநோதமானது. நுங்காக நாம் உண்பது, விதைக்குள் இன்னும் இறுகாத உணவு. முற்றினால் அது கல்லாகிவிடும். பழம் விழுந்து கொட்டை முளைக்கும்போது, மற்றச் செடிகள் போலக் குருத்து நேரே மேலே வருவதில்லை. கொட்டையிலிருந்து கயிறு போன்ற ஒரு தண்டு கீழ் நோக்கி மண்ணுக்குள் இறங்குகிறது. குழந்தைச் செடி அதன் நுனியில் இருக்கிறது. அதாவது பனை தன்னைத் தானே ஆழமாக நட்டுக்கொள்கிறது! மேலே வெயிலில் மண் சுட்டாலும், கீழே ஈரத்தில் பிள்ளை பத்திரமாக இருக்கும். அங்கே உணவைச் சேர்த்துப் பருக்கிற முதல் உறையைத்தான் பனங்கிழங்கு என்று பொங்கலுக்கு அவித்துத் தின்கிறோம். கிழங்கைப் பிளந்தால் நடுவில் தெரியும் பீலிதான் வருங்கால ஓலை. இதற்கிடையே கொட்டைக்குள் பஞ்சு போன்ற இனிய பொருள் ஒன்று உண்டாகி, கல்லான உணவைக் கரைத்துக் கீழே அனுப்புகிறது. தவுன் என்பார் சிலர். பூரான், சீம்பு என்பாரும் உண்டு. முளைத்த தேங்காயை உடைத்தால் கிடைக்கும் பூவும் அதே உறுப்புதான்.

முளைத்த பனை ஆணா பெண்ணா என்பதை உடனே அறிய முடியாது. பாளை விடுவதற்குப் பன்னிரண்டு முதல் இருபது ஆண்டு ஆகலாம், அப்போதுதான் தெரியும். பெண்பனை நுங்கு தரும். ஆண்பனை காய்க்காது, ஆனால் பதநீர் இரண்டும் தரும். "காய்க்காத பனை எதற்கு?" என்று ஆண்பனைகளை எல்லாம் வெட்டியவர்கள், பெண்பனை காய்ப்பதற்கு மகரந்தம் எங்கிருந்து வருகிறது என்று யோசிக்கவில்லை.

எருசலேமில் மக்கள் கையில் ஏந்தியது பனையின் உறவாகிய பேரீச்சை ஓலை. யோவான் சுவிசேஷத்தில் வாசிக்கிறோம். பேரீச்சையிலும் ஆண் பெண் தனித்தனி. யூதேயாவில் மசாதா என்னும் மலைக்கோட்டையை 1963 முதல் 1965 வரை அகழ்ந்தபோது, ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான பேரீச்சங்கொட்டைகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்றை 2005-இல் நட்டார்கள், முளைத்தது! வேதாகமத்தில் மிக நீண்ட ஆயுள் பெற்ற மெத்துசலாவின் பெயரையே அதற்கு இட்டார்கள். சில ஆண்டு கழித்துப் பூத்தபோது அது ஆண் என்று தெரிந்தது. பின்னர் பழைய கொட்டையிலிருந்தே வளர்ந்த அன்னா என்னும் பெண்மரத்துக்கு மெத்துசலாவின் மகரந்தத்தைச் சேர்த்து, 2020-இல் பழம் பறித்தார்கள். நம் ஆண்டவர் காலத்தை ஒட்டிய கொட்டைகளிலிருந்து வந்த பழம்!

நம் பனங்கொட்டை அப்படிக் காத்திருக்காது. காய்ந்து கிடந்தால் முளைக்கும் திறன் குறைந்துவிடும்.

பனையைப் பற்றி மேடைகளில் சொல்லப்படுவன எல்லாவற்றையும் நான் ஒப்புக்கொள்வதில்லை. பனை நட்டாலே நிலத்தடி நீர் ஊறிவிடும் என்கிறார்கள். எந்த மரமும் நீரைக் குடிக்குமேயன்றி உண்டாக்காது. பனை செய்கிற உதவி வேறு. ஆணிவேர் இல்லாமல், நூற்றுக்கணக்கான நார்வேர்களால் மண்ணைப் பின்னிப் பிடிப்பதால் ஏரிக்கரையும் வரப்பும் கரைந்து போகாமல் நிற்கின்றன. பக்கவாட்டில் கிளை விடாததால் பயிருக்கு நிழல் தட்டுவதும் குறைவு. ஓலையின் அடியில் எச்சிலால் கூடு ஒட்டிக் குடியிருக்கும் பனை உழவாரனுக்கும், நுனியில் கூடு தொங்கவிடும் தூக்கணாங்குருவிக்கும் அதுவே வீடு. உள்ளதைச் சொன்னாலே பனைக்குப் போதிய பெருமை இருக்கிறது. இல்லாததைக் கூட்டிச் சொல்வானேன்?

ஆயினும் வெட்டுவது நிற்கவில்லை. செங்கற்சூளைக்கு விறகாக ஒரு பனையை விற்றால் கைக்கு வருவது சொற்பம். சூளையில் அது சில மணி நேரம் எரியும். அதன் இடத்தை நிரப்ப இன்று கொட்டை நட்டாலும், பாளையைக் காண இன்று முதல் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்குக் கலியாண வயது வந்துவிடும். அடியிலிருந்து துளிர்க்கும் வழியும் அதற்கு இல்லை என்பதை மேலே பார்த்தோம். பனை தமிழ்நாட்டின் மாநில மரம். 2021-ஆம் ஆண்டின் வேளாண்மை நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அரசு அறிவித்தது. கடன், மகள் கலியாணம், மருத்துவச் செலவு என்று விற்கும் நிலை வருபவரை நான் குறை கூறவில்லை. ஆனால் சட்டத்தை அறியாமலும், 'காய்க்காத மரந்தானே' என்ற எண்ணத்திலும் விற்பவர்கள், தரகரிடம் முன்பணம் வாங்குமுன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து இதை ஒருமுறை பேச வேண்டும்.

நடுவது எளிது. ஆவணி, புரட்டாசியில் விழும் பழங்களின் கொட்டைகளைச் சேர்த்து, சில வாரங்களுக்குள், மழை ஈரம் இருக்கும்போதே நடுங்கள். ஒரு சாண் ஆழம் போதும். மிச்ச ஆழத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். கொட்டைக்குக் கொட்டை பத்தடி இருக்கட்டும். வரப்பு, ஓடைக்கரை, வேலியோரம் ஏற்றவை. மின்கம்பிக்கு நேர்கீழே வேண்டாம். வேரோடு பிடுங்கி வேறிடம் வைத்தால் பிழைப்பது அரிது. ஆகையால் நிற்க வேண்டிய இடத்திலேயே நட்டுவிடுங்கள். பிள்ளைகளுக்கென்று மூன்று நான்கு கொட்டைகளை வீட்டுப் பின்புறம் தனியே ஊன்றி, முளை இறங்கியதும் ஒன்றை மெதுவாகத் தோண்டச் சொல்லுங்கள். கயிறு கீழே இறங்குவதைக் கண்ணால் காணட்டும். மற்றவற்றைத் தைப்பொங்கலுக்குக் கிழங்காக எடுத்துக்கொள்ளலாம்.

கொட்டை கிடைக்காத குடும்பத்தார், புரட்டாசி மாத ஞாயிறுகளில் பூசை முடிந்தபின் உபதேசியாரிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். சாக்கு கொண்டு வரவும்.